லயத்து வாசலுக்கு வந்த கருவிகள்

பேராக் மாநிலத்தின் பத்துகாஜா நகருக்கு அருகில், ராயா ஆற்றை நோக்கிய மேடொன்றின்மேல், முற்றுப்பெறாத மாளிகை ஒன்று நிற்கிறது. கெல்லியின் கோட்டை என்று சுற்றுலாப் பயணிகள் இன்று அழைக்கும் அம்மாளிகையை எழுப்பியவர் வில்லியம் கெல்லி ஸ்மித் என்னும் ஸ்காட்லாந்துக்காரர். 1890-ஆம் ஆண்டில் இருபது வயது இளைஞராக மலாயாவுக்கு வந்து, பொருளீட்டி, கிந்தா கெல்லாஸ் என்னும் ரப்பர்த் தோட்டத்துக்கு உரிமையாளரானவர் அவர். 1915-ஆம் ஆண்டளவில் தொடங்கிய அக்கட்டடத்தின் கோபுரத்துக்குள், அடித்தளம் முதல் உச்சி வரை, சதுர வடிவில் ஒரு வெற்றிடம் காணப்படும். மலாயாவிலேயே முதலாவதாக அமையவிருந்த மின்தூக்கிக்காக விடப்பட்ட இடம் அது. 1926-ஆம் ஆண்டின் இறுதியில் ஸ்மித் லிஸ்பன் நகரில் நுரையீரல் அழற்சியால் காலமானார். மின்தூக்கி வரவேயில்லை. குழி மட்டும் எஞ்சியது.

மாளிகைக்குச் சற்றுத் தொலைவில் மாரியம்மன் கோயில் ஒன்று இருக்கிறது. முதல் உலகப் போரின் இறுதியில் உலகெங்கும் பரவிய நச்சுக் காய்ச்சல் அத்தோட்டத்துத் தொழிலாளரையும் வாரிக்கொண்டு போனபோது, அம்மனுக்குக் கோயில் எழுப்பித் தருமாறு தொழிலாளர் துரையிடம் வேண்டினர். அவரும் கட்டுவித்தார். கோயிலின் முகட்டில் தெய்வ உருவங்களுக்கு நடுவே தொப்பி அணிந்த வெள்ளைக்காரர் ஒருவர் நிற்பதை இன்றும் காணலாம். நன்றிக்கடனைத் தமிழ்த் தொழிலாளர் செலுத்திய முறை அது. ஒரே தோட்டத்தில், ஒரே காலப் பகுதியில், தொழிலாளர் கேட்டது ஒன்று. துரை தம் பெருமைக்கென விரும்பியது வேறொன்று.

புதுக்கருவி ஒன்று சந்தைக்கு வரும்போதெல்லாம், அது பயனுக்காக வந்ததா, பகட்டுக்காக வந்ததா என்னும் கேள்வி எழுவது இயல்பு. 2019-ஆம் ஆண்டு முதல் அக்கேள்வி மடிதிரைத் திறன்பேசியைப் பற்றியதாக இருக்கிறது. கண்ணாடித் தகடு போல் விறைத்து நின்ற திரையைத் துணிபோல மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம் என்று உற்பத்தியாளர் கூறுகின்றனர். மடித்து வைக்கும் அளவுக்கு அங்கே என்ன இருக்கிறது என்று ஐயுறுவோர் கேட்கின்றனர். ஈப்போ நகரத்துக் கடைத்தெருவிலும் ஆசிரியர் அறைகளிலும் நடக்கும் இவ்வழக்கின் வேர் மிகப் பழையது. வானொலிப் பெட்டி தோட்டத்து லயங்களுக்குள் நுழைந்த காலத்திலும் இதே கேள்வி கேட்கப்பட்டது. பேராக் தோட்டப்புறத்தின் அனுபவத்தைச் சான்றாக வைத்து நோக்கினால், விடை உற்பத்தியாளரும் ஐயுறுவோரும் தேடும் இடத்தில் இல்லை என்பது புலனாகும்.

மலாயாவின் முதல் தந்திக் கம்பி 1876-ஆம் ஆண்டில் பேராக்கின் கோலகங்சாரையும் தைப்பிங்கையும் இணைத்தது. அடுத்த ஆண்டு, 1877-இல், அதே கோலகங்சாரில் ஒன்பது ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. அவற்றின் வழித்தோன்றலாகச் சொல்லப்படும் மரம் ஒன்று அந்நகரத்து மாவட்ட அலுவலகத்தருகே இன்றும் பேணப்படுகிறது. செய்தியைக் கடத்தும் கம்பியும், செல்வத்தைச் சுரக்கும் மரமும் ஓராண்டு இடைவெளியில் ஓரூருக்கு வந்தது தற்செயலே. ஆயினும் பின்னர் அவ்விரண்டும் யார் யாருக்குப் பங்கிடப்பட்டன என்பது தற்செயலன்று. மரம் தொழிலாளியின் கைக்கும், கம்பி துரையின் பங்களாவுக்கும் போயின. தோட்டத்து அலுவலகத்தில் தொலைபேசி ஒலித்தால் எடுத்துப் பேசுபவர் துரை. அவர் இல்லாவிட்டால் கிராணி. லயத்தில் வாழ்ந்தோருக்குக் கிடைத்த ஒலிச் செய்தி விடியுமுன் ஒலித்த தப்பும், பெரட்டுக் களத்தில் கங்காணி கூப்பிட்ட பெயர்வரிசையுமே. ஊரிலிருந்து கடிதம் வந்தாலும், படித்துச் சொல்ல ஒருவரைத் தேட வேண்டியிருந்தது.

வானொலியும் முதலில் அப்படித்தான் வந்தது. 1921-ஆம் ஆண்டில் ஜொகூர் அரசின் மின்பொறியாளராக இருந்த பர்ச் என்பவர் ஒரு வானொலிப் பெட்டியைக் கொண்டுவந்ததும், அதைத் தொடர்ந்து பொழுதுபோக்கு ஆர்வலர்கள் சங்கங்கள் அமைத்ததும் வெள்ளையர் வட்டத்துக்குள்ளேயே நிகழ்ந்தவை. உலகப் போர் முடிந்து, 1946-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் மலாயா வானொலி அமைக்கப்பட்ட பின்னர்தான் மலாய், சீனம், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழும் நிலையான இடம் பெற்றது. எனினும் அக்காலத்து வால்வுப் பெட்டிக்கு மின்சாரம் வேண்டும்; இல்லையேல் கனத்த மின்கலங்கள் வேண்டும். மாலையில் சில மணி நேரம் விளக்கெரியும் லயமே அன்று பேறு பெற்ற லயம். வானொலி வைத்திருக்க ஆண்டுதோறும் உரிமக் கட்டணமும் செலுத்த வேண்டியிருந்தது. அரிசிக்கும் துணிக்கும் கணக்குப் பார்த்த குடும்பம் அதை நினைத்தும் பார்த்திராது.

தொழிலாளியின் காதுக்கு வானொலியை முதன்முதலில் கொண்டுவந்தது வணிகமன்று, அச்சம். 1948-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1950-இல் பிரிக்ஸ் திட்டம் நடைமுறைக்கு வந்தபோது சீனக் குடியேற்றக்காரர்கள் புதுக்கிராமங்களுக்குப் பெயர்க்கப்பட்டதைப் பலரும் அறிவர். தோட்டத்து லயங்களும் ஒருங்கே கூட்டப்பட்டு முள்வேலிக்குள் அடைக்கப்பட்டதை அத்துணை பேர் நினைவுகூர்வதில்லை. அதே 1950-இல் அவசரகாலச் செய்திப் பணிக்குத் தலைமையேற்க இலண்டனிலிருந்து வந்தவர் ஹியூ கிரீன். பிற்காலத்தில் பிபிசியின் தலைமை இயக்குநரானவர். பேசும் சொல்லால் மக்கள் மனத்தை வென்றாக வேண்டும் என்று கருதிய அவரது பணிக்காலத்தில், மின்கலத்தால் இயங்கும் பொதுக்கேட்பு வானொலிகள் புதுக்கிராமங்களுக்கும் தோட்டங்களுக்கும் பரவலாக அனுப்பப்பட்டன.

அப்பெட்டிகள் அரசாங்கத்தின் குரலை ஒலிக்க வந்தவை என்பதில் ஐயமில்லை. காட்டுக்குள் இருப்போருக்கு அரிசி கொடுக்காதே, சரணடைந்தவரைப் பார், அரசை நம்பு என்பனவே அவற்றை அனுப்பியவர்களின் நோக்கம். வேறு சொல்லில் கூறின், அதுவும் ஒருவகை விளம்பரமே. விற்கப்பட்ட பொருள் மட்டும் வேறு. ஆயினும் ஊரடங்கு நேரத்தில் வேலிக்குள் அடைபட்டிருந்தவர்களுக்கு, தோட்டத்துக்கு வெளியே ஓர் உலகம் தமிழில் பேசிக்கொண்டிருக்கிறது என்பது அப்பெட்டியின் வழியே தெரிந்தது. பாட்டைக் கேட்கக் கூடியவர்கள் அறிவுரையையும் கேட்டனர். கேட்டுவிட்டுப் பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போயினர். அனுப்புபவர் வைத்த நோக்கம் ஒன்றாகவும் பெறுபவர் கண்ட பயன் வேறாகவும் இருந்த முதல் கருவி அது எனலாம்.

இதற்கிடையே, தோட்டத்துக்கும் பேராக்குக்கும் தொடர்பே இல்லாத இரண்டு நாடுகளில் வேறொரு மாற்றம் உருவாகிக்கொண்டிருந்தது. 1947-ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. வால்வுக் குழாயின் வேலையைச் சிறு துணுக்கு ஒன்று செய்தது. 1954-இல் ரீஜென்சி என்னும் பெயரில் முதல் டிரான்சிஸ்டர் வானொலி அமெரிக்கக் கடைகளில் ஏறக்குறைய ஐம்பது டாலருக்கு விற்கப்பட்டது. மறு ஆண்டில் ஜப்பானின் சோனி நிறுவனம் தன் முதல் டிரான்சிஸ்டர் பெட்டியையும், 1957-இல் டிஆர்-63 என்னும் சிறிய வகையையும் வெளியிட்டது.

டிஆர்-63 விற்கப்பட்ட கதை, பயன் – பகட்டு வழக்கை ஆராய்வோர் அறிந்திருக்க வேண்டியது. சட்டைப் பைக்குள் அடங்கும் வானொலி என்று சோனி அதை விளம்பரப்படுத்தியது. உண்மையில் அது சாதாரணச் சட்டைப் பையைவிடச் சற்றே பெரிது. பெட்டியைச் சுருக்க முடியாத நிறுவனம் பையைப் பெரிதாக்கிவிட்டது. விற்பனையாளர்களுக்கு வழக்கத்தைவிட அகன்ற பையுள்ள சட்டைகளைத் தைத்துக் கொடுத்தது. இச்சூழ்ச்சியை அந்நிறுவனத்தை நிறுவியவருள் ஒருவரான அக்கியோ மொரித்தாவே பின்னர்த் தம் வாழ்க்கை வரலாற்றில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். விளம்பரம் மிகையானது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஒப்புதல் வேண்டியதில்லை. ஆனால், விளம்பரம் மிகையானதால் பொருளும் வெறும் பகட்டு என்று முடிவு கட்டியிருந்தால், அம்முடிவு பெரும் பிழையாகியிருக்கும்.

டிரான்சிஸ்டர் தோட்டப்புறத்தை வென்றதற்குச் சட்டைப் பை காரணமன்று. பால்வெட்டுக்குப் போகும் சட்டையில் ரப்பர்ப் பால் காய்ந்து ஒட்டியிருக்கும். அதில் வானொலியை எவரும் வைத்ததில்லை. மின்சாரக் கம்பி வராத லயத்தில், கைவிளக்குக்குப் போடும் அதே மின்கலத்தில் அது பேசியது என்பதே காரணம். மின்கலம் தளர்ந்தால் வெயிலில் காயவைத்து மேலும் ஓரிரு மாலைகளுக்கு உயிரூட்டினர். சைக்கிளின் கைப்பிடியில் தொங்கியது. கூரைத் தூணில் ஆணியில் மாட்டப்பட்டது. தோல் உறைக்குள் பிள்ளையைவிடப் பத்திரமாகக் காக்கப்பட்டது. திருமணச் சீரில் இடம்பெற்றது. அந்த வகையில் பகட்டும் அதனோடு சேர்ந்தே வந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. சம்பள நாளன்று புதுப் பெட்டியை உரக்க ஒலிக்கவிட்டு லயத்து வரிசையில் நடந்த இளைஞனுக்குச் செய்தியறியும் ஆர்வமே மேலோங்கி நின்றது என்று எவரும் வாதிடமாட்டார்.

ஆயினும் அப்பெட்டி வெறும் பாட்டுப்பெட்டியாக நின்றுவிடவில்லை. 1950-களின் பிற்பகுதியிலும் அறுபதுகளிலும் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. நாளை எந்த முதலாளியின் கீழ் வேலை, வேலை இருக்குமா என்பதே தெரியாத நிலை பல தோட்டங்களில் நிலவியது. சுங்கை சிப்புட்டின் நாடாளுமன்ற உறுப்பினராயிருந்த வீ. தி. சம்பந்தன் முன்னின்று 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்து, தொழிலாளரின் சிறுசேமிப்பைத் தவணைப் பங்காகத் திரட்டித் தோட்டங்களை வாங்கத் தொடங்கியது அப்போதுதான். பின்னர் 1968-ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை பெறாதவர், அதாவது சிவப்பு அடையாள அட்டைக்காரர், வேலை செய்ய அனுமதிச் சீட்டு பெற்றாக வேண்டும் என்றது. பிறந்து வளர்ந்த மண்ணிலேயே அயலாராகிப்போன ஆயிரக்கணக்கானோர் கப்பலேறினர். எழுத்தறியாத ஒரு பால்வெட்டுத் தொழிலாளிக்கு இத்தகைய சட்டங்கள் எந்த வழியில் தெரியவரும்? கிராணி சொல்ல வேண்டும். அல்லது தமிழ்ச் செய்தி சொல்ல வேண்டும். கிராணியைக் கேட்காமலே தெரிந்துகொள்ளும் வாய்ப்பை மாலைச் செய்தி தந்தது. மக்கள் டிரான்சிஸ்டருக்குத் தவணை கட்டியது வீண்போகவில்லை.

மடிப்பு என்னும் சொல்லையும் இவ்விடத்தில் கருதவேண்டும். பெரிதாக விரிந்து, சிறிதாக மடங்கி, கைக்குள் அடங்கும் ஒரு பொருள் தோட்டத்துக்குப் புதிதன்று. 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் அத்தகையதே. எட்டாக மடித்து இடுப்பில் செருகலாம். விரித்தால் இருவர் சேர்ந்து படிக்கலாம். கடை வாசலில் ஒருவர் உரக்கப் படிக்கப் பத்துப்பேர் கேட்கலாம். படித்து முடித்த பின் தட்டில் விரிக்கலாம், புத்தகத்துக்கு உறை போடலாம். அதன் மடிப்பில் கோடு விழுகிறதே என்று எவரும் குறை சொன்னதில்லை. தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் நடந்த அந்நாளேடு 2019-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நின்றுபோயிற்று. அதே ஆண்டில்தான் மடங்கும் திரை விற்பனைக்கு வந்தது. ஒன்று போனதால் மற்றொன்று வந்தது என்று கூறுவது பொருந்தாது. வாசகர் ஏற்கெனவே மடங்காத சிறு திரைக்கு மாறிவிட்டிருந்தனர். ஆனால் தாளின் அகலத்தை இழந்தவர்கள் அந்த அகலத்தை ஏன் மீண்டும் தேடுகின்றனர் என்பதற்கு இந்நிகழ்வு ஒரு குறிப்பைத் தருகிறது.

கையில் கொண்டுசெல்லும் தொலைபேசி மலேசியாவுக்கு வந்த வரலாறும் மேலிருந்து கீழிறங்கியதுதான். 1985-இல் தொலைத்தொடர்புத் துறை தொடங்கிய ஆத்தூர் என்னும் வானலைத் தொலைபேசி பெரும்பாலும் மகிழுந்துகளிலும் முதலாளிகளின் கைகளிலும் இருந்தது. செங்கல்லைப் போன்ற அக்கருவியை உணவகத்து மேசைமீது நிமிர்த்தி வைப்பது, ஈப்போவில் ஆனாலும் கோலாலம்பூரில் ஆனாலும், பேசுவதைவிட முக்கியமான பயனாயிருந்தது. 1995-இல் எண்ணியல் சேவைகள் தொடங்கின. ஆனால் தோட்டத்து மக்களுக்குக் கதவைத் திறந்தது அந்தத் தொழில்நுட்பத்தைவிட, தொண்ணூறுகளின் இறுதியில் பரவிய முன்கட்டண அட்டையே. மாதக் கட்டணமில்லை, ஒப்பந்தமில்லை, சம்பளச் சான்று கேட்பாரில்லை. கையிலிருக்கும் வெள்ளிக்குப் பேசலாம். தோட்டங்கள் செம்பனைக்கு மாறியும் வீடமைப்புக்கு விற்கப்பட்டும் லயங்கள் கலைந்துகொண்டிருந்த காலம் அது. நான்கு தலைமுறையாக ஒரே வரிசையில் வாழ்ந்தவர்கள் புந்தோங்குக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் கிள்ளான் பள்ளத்தாக்குக்கும் சிதறினர். தோட்டத்தின் பெயரே முகவரியாயிருந்தவர்களுக்கு, தோட்டம் போன பின் மாறாத முகவரி ஒரு தொலைபேசி எண்ணாயிற்று. சாவுச் செய்தி சொல்லவும் திருவிழாவுக்குப் பழைய தோட்டத்துக் கோயிலில் கூடவும் அந்த எண்ணே துணை. இது பகட்டன்று.

அக்கருவிக்குள் தமிழ் நுழைந்தது அடுத்த படி. மலேசியரான முத்து நெடுமாறன் 1980-களின் நடுப்பகுதியில் கணினிக்கென முரசு மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். 2005-ஆம் ஆண்டுப் பொங்கலையொட்டிக் கைப்பேசிக்கான செல்லினத்தை வெளிக்கொணர்ந்தார். அதுவரை ஆங்கில எழுத்தில் தமிழை நொறுக்கி அனுப்பிக்கொண்டிருந்தவர்களுக்குத் தமிழிலேயே குறுஞ்செய்தி அனுப்பும் வழி பிறந்தது. தமிழ்ப்பள்ளியோடு கல்வியை நிறுத்திக்கொண்ட தாய்மார், பிள்ளையிடம் கொடுத்து எழுதச் சொல்லும் நிலையிலிருந்து விடுபட்டனர். எந்த நிறுவனமும் இதைத் தன் விளம்பரப் பலகையில் பெரிதாகப் போட்டதில்லை. மெய்யான பயன்கள் பலவும் இவ்வாறு ஓசையின்றியே வந்து சேர்கின்றன.

இனி மடிதிரைக்கு வருவோமாயின், முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். 1996-இல் மோட்டோரோலா வெளியிட்ட ஸ்டார்டாக்கும், 2004-இல் வந்து உலகெங்கும் விற்ற ரேசரும் மடங்கும் தொலைபேசிகளே. ஆனால் அவற்றில் மடங்கியது கீல், திரை மடங்கவில்லை. பெட்டிக்கு மூடி இருப்பது போன்றது அது. விசைகளும் திரையும் கீறல் படாமல் காக்கப்பட்டன, கருவி சிறிதாயிற்று, பேச்சு முடிந்ததும் படக்கென்று மூடுவதில் ஒரு மனநிறைவும் இருந்தது. 2019-இல் சாம்சுங் வெளியிட்ட கருவியிலோ திரையே வளைந்தது. பின்விளக்கு வேண்டாமல் தானே ஒளிரும் புள்ளிகளை வளையும் ஞெகிழி அடித்தளத்தில் பதித்ததால் அது இயன்றது. மேலே மூடுவதற்குக் கடினமான கண்ணாடி கிடையாது, கண்ணாடி வளையாது. ஆகவே மென்மையான ஞெகிழிப் படலம் போர்த்தப்பட்டது.

அப்படலமே முதல் இடரைக் கொண்டுவந்தது. 2019 ஏப்ரலில், விற்பனைக்கு முன் செய்தியாளர்களுக்குக் கொடுக்கப்பட்ட கருவிகளில் சில ஒருசில நாள்களிலேயே பழுதடைந்தன. மேற்படலத்தைப் பாதுகாப்புத் தாள் என்று எண்ணிச் சிலர் உரித்துவிட்டனர். வேறு சிலவற்றில் கீலின் இடைவெளி வழியே துகள் புகுந்து திரையை உள்ளிருந்து குத்தியது. வெளியீடு செப்டம்பருக்குத் தள்ளிவைக்கப்பட்டது. பின்னர் 2020-இல் மனித முடியைவிட மெல்லிய கண்ணாடி ஏடு பயன்படுத்தப்பட்டது. 2021-இல் நீர் புகாத வகை வந்தது. தூசியைத் தடுப்பதில்தான் நெடுங்காலம் தடுமாற்றம் நீடித்தது. செம்மண் பாதையில் மோட்டார்ச் சைக்கிளில் செல்பவனும், செம்பனை நிரையில் வேலை செய்பவனும் அக்குறையைச் சிறியதென்று கருதமாட்டார்கள். மடிப்புக் கோடு முன்னைவிட மங்கிவிட்டது. முற்றிலும் மறைந்துவிட்டதாகச் சொல்வதற்கில்லை. விழுந்து உடைந்தால் உள்திரையை மாற்றும் செலவு ஒரு நல்ல சாதாரணத் திறன்பேசியின் விலைக்கு நிகராகும்.

விலையே பெரிய தடை. 2019-இல் முதல் கருவி மலேசியாவில் எட்டாயிரம் வெள்ளிக்கு மேல் விற்கப்பட்டது. அவ்வாண்டில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,100 வெள்ளி. 2025-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ஆம் நாள், மூன்றாக மடங்கும் தன் கருவியை ஹுவாவேய் நிறுவனம் உலகச் சந்தைக்கு அறிமுகப்படுத்தியது. அவ்விழா நடந்த நகரம் கோலாலம்பூர். முழுதும் விரித்தால் பத்து அங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட திரை. விலை 14,999 வெள்ளி. அம்மாதத்தின் முதல் நாள்தான் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்திருந்தது. ஏறத்தாழ ஒன்பது மாத உழைப்பு. உண்ணாமல் உடுக்காமல் சேர்த்தால் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். உலகில் விற்கும் திறன்பேசிகளில் மடிதிரை வகை 2024-ஆம் ஆண்டில் நூற்றுக்கு இரண்டு என்னும் அளவைக்கூட எட்டவில்லை என்பதில் வியப்பில்லை.

இருப்பினும், பெரிய திரை வேண்டும் என்னும் தேவை விற்பனையாளர் கற்பித்த பொய்யன்று. அத்தேவையைத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் தம் கண்ணால் கண்ட ஆண்டு 2020. மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தது, பள்ளிகள் மூடப்பட்டன, கற்பித்தல் வீட்டுக்குப் போயிற்று. ஏறத்தாழ ஒன்பது இலட்சம் மாணவரைப் பற்றிக் கல்வி அமைச்சு அப்போது நாடளாவிய நிலையில் தகவல் திரட்டியது. அவர்களுள் ஏறத்தாழ 37 விழுக்காட்டினரிடம் எந்தக் கருவியும் இல்லை. 46 விழுக்காட்டினரிடம் திறன்பேசி இருந்தது. கைக்கணினி இருந்தவர்கள் 6 விழுக்காடு. மடிக்கணினி இருந்தவர்கள் 9 விழுக்காடு அளவினரே. கருவி உடையவர்களிலும் பெரும்பாலோர் உள்ளங்கை அகலத் திரையிலேயே பாடம் படித்தனர் என்பது இதன் பொருள். அத்திறன்பேசியும் பல வீடுகளில் தந்தையுடையது. அவர் வேலை முடிந்து திரும்பும்வரை பாடம் காத்திருந்தது. இரண்டு பிள்ளைகள் இருந்தால் ஒரு பிள்ளையின் பாடம் மறு பிள்ளைக்கு வழிவிட்டது. பயிற்றித் தாளில் ஒற்றெழுத்தின் புள்ளியைக் காணத் திரையைப் பெரிதாக்க வேண்டும். பெரிதாக்கினால் வரியின் மறுபாதி மறைந்துவிடும். முதலாம் ஆண்டு மாணவனுக்கு எழுத்தறிவிக்கும் ஆசிரியருக்கு இது சிறு இடையூறன்று.

அந்நாள்களில் மடிதிரைக் கருவி சந்தையில் இருந்தது. விரித்தால் பயிற்றித் தாள் முழுவதும் தெரிந்திருக்கும். இல்லாதவனிடத்தில் மட்டும் அது இல்லை. பள்ளிக்கு வேண்டியிருந்தது மடங்கும் திரையுமன்று, மடங்காத ஒரு கைக்கணினியும் எட்டும் அலைவரிசையுமே. இரண்டும் மலிவாகச் செய்யத் தெரிந்த பொருள்கள்தாம். இறுதியில், 2021-ஆம் ஆண்டு பிப்ரவரி 17-ஆம் நாள் டிடிக் தொலைக்காட்சி என்னும் கல்வி அலைவரிசை தொடங்கப்பட்டது. 1972-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியபோது, மின்சாரமில்லாத பள்ளிகளுக்கு மின்னாக்கிப் பொறி தேடவேண்டியிருந்த நாட்டில், அரை நூற்றாண்டுக்குப் பின் மீண்டும் அதே பெட்டியின் முன் பிள்ளைகள் அமர்ந்தனர்.

மடிதிரையால் பயன் பெறுவோர் இல்லாமலில்லை. ஒரு கையில் கணக்குப் பட்டியலும் மறு பாதியில் வாடிக்கையாளரின் செய்தியும் வைத்துப் பார்க்கும் வணிகர், வரைபடங்களோடு வெளியில் அலையும் பொறியாளர், மூக்குக்கண்ணாடி இருந்தும் சிறு எழுத்தோடு போராடும் முதியவர் ஆகியோர்க்கு விரிந்த திரை மெய்யான உதவி. இரண்டாக மடங்கிச் சிறிதாகும் மற்றொரு வகையின் பயன் ஐயத்துக்குரியது. அதை வாங்குவோர் பெரும்பாலும் அழகுக்கே வாங்குகின்றனர். அழகுக்காக வாங்குவது குற்றமன்று. டிரான்சிஸ்டரை உரக்க வைத்து நடந்த இளைஞனைப் பழிக்காதவர்கள் இவர்களையும் பழிக்கலாகாது.

ஆயினும் டிரான்சிஸ்டரோடு மடிதிரையை ஒப்பிட்டு, அன்று பகட்டென்றது பயனானதுபோல் இதுவும் ஆகும் என்று விற்பனையாளர் கூறும்போது, ஒரு வேறுபாட்டை மறந்துவிடுகின்றனர். டிரான்சிஸ்டர் வந்தபோது லயத்தில் அதற்கு முன் எதுவும் இல்லை. இல்லாத இடத்தை அது நிரப்பியது. மடிதிரையோ, ஏற்கெனவே நன்கு பேசுகின்ற, எழுதுகின்ற, படம் பிடிக்கின்ற ஒரு கருவியின் இடத்துக்கு வருகிறது. அதனால் கூடுதலாகக் கிடைப்பது ஓர் அகலம் மட்டுமே. அந்த அகலத்துக்கு எத்தனை மாதச் சம்பளம் தகும் என்பதை வணிகருக்கு ஒருவாறும் புந்தோங்கில் கச்சான் வறுப்பவருக்கு வேறொருவாறும் கணக்கிட வேண்டும். 2023 முதல் சில நிறுவனங்கள் விலை குறைந்த மடிதிரைகளையும் வெளியிட்டு வருகின்றன. அவற்றுள் விலை குறைந்தவை பெரும்பாலும் இரண்டாக மடங்கிச் சிறிதாகும் அழகு வகையைச் சேர்ந்தவை. விரிந்து பயிற்றித் தாளாகும் வகையின் விலை இறங்கக் காணோம்.